நாயும் கயிறும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

காலை வேளையில் நம் நகரின் விரிவுப் பகுதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். முன்னே ஒரு நாய், நாக்குத் தொங்க, மூச்சு இரைக்க, கால்களைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டு போகும். பின்னே ஒரு மனிதர், உடலைப் பின்புறம் சாய்த்துக்கொண்டு, செருப்புத் தேய இழுபட்டுப் போவார். இதற்கு ‘நாயை நடத்திச் செல்வது’ என்று பெயர்! யார் யாரை நடத்துகிறார் என்பது பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். நானும் இதைப் பார்த்துச் சிரித்தவன்தான். எங்கள் வீட்டு மணி என் தாயாரைக் கீழே தள்ளிய நாள் வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மணி சாதாரண நாட்டு நாய். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பெருமைப்படும்படியான இனம் அன்று. மோட்டார்க் கொட்டகைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததை என் தம்பி தூக்கி வந்தான். ஓராண்டு வரை கட்டாமல்தான் வளர்ந்தது. பிறகு அண்டை வீட்டுக் கோழிகள் இரண்டு காணாமற் போயின. வழக்கு எங்கள் திண்ணைக்கு வந்தது. அன்று முதல் மணிக்கு வேப்பமரத்தடியும் இரும்புச் சங்கிலியும்தான். மாலையில் யாரேனும் ஒருவர் ஏரிக்கரை வரை கொண்டுபோய் வருவோம். நான் கல்லூரியிலிருந்து திரும்பத் தாமதமான ஒரு நாள் அம்மா கொண்டுபோனார். எதிரே வேறொரு நாயைக் கண்டதும் மணி பாய்ந்தது. சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த அம்மா குப்புற விழுந்தார். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பதினைந்து நாள் அடுப்படி வேலை முழுவதும் தங்கையின் பொறுப்பாயிற்று.

அப்பா அதிகம் பேசமாட்டார். “சந்தைக்குப் போற வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி, ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடு” என்றார். அப்போது ஐப்பசி மாதம். தம்பி அழுததிலும் நான் கெஞ்சியதிலும் பொங்கல் வரை தவணை கிடைத்தது. அந்தத் தவணைக்குள் நான் கற்றுக்கொண்டதை நம் கல்லூரி நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. கற்றது நாயா, நானா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு.

முதல் இரண்டு வாரங்கள் ஊரார் சொன்னபடி செய்தேன். நாய் இழுத்தால் சங்கிலியை வெடுக்கென்று சுண்டி இழுக்க வேண்டுமாம்; இரண்டு முறை கழுத்து வலித்தால் மூன்றாம் முறை அடங்கிவிடுமாம். நான் சுண்டினேன். மணி கத்தியது, ஒரு கணம் நின்றது, பிறகு முன்னிலும் வேகமாக இழுத்தது. முன்பெல்லாம் நாய் அருகில் வந்தால்தான் பாயும். இப்போது தெருக்கோடியில் நாய் தெரிந்தாலே உறுமத் தொடங்கிற்று. எனக்கு இது விளங்கவில்லை. வலிக்கிறது என்று தெரிந்தும் ஏன் இழுக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் விலங்குகளின் நடத்தை பற்றிய பாடம் தொடங்கியது. உண்மையைச் சொன்னால், தூண்டல், துலங்கல், ஆக்கநிலையிறுத்தம் என்னும் சொற்களை நம்மில் பலர் ஐந்து மதிப்பெண் வினாவுக்காகத்தான் படிக்கிறோம். நானும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் 1898ஆம் ஆண்டில் பசித்த பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து வைத்துச் செய்த சோதனைகளை ஆசிரியர் விளக்கினார். பூனை பிறாண்டும், கடிக்கும், மோதும். தற்செயலாகத் தாழ் திறந்துகொள்ளும். வெளியே வந்தால் உணவு உண்டு. மறுமுறை அடைத்தால் இன்னும் சற்று விரைவில் திறக்கும். எந்தச் செயலுக்குப் பின் இன்பமான விளைவு வருகிறதோ அந்தச் செயல் வலுப்பெறும் என்பது அவர் கண்ட ‘விளைவு விதி’. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மணி இழுக்கிறது. இழுத்த பின் என்ன விளைவு வருகிறது? நான் ஓர் அடி முன்னே வைக்கிறேன். அது போக விரும்பிய புளியமரம் ஓர் அடி நெருங்கி வருகிறது. அப்படியானால் நான் வைக்கும் ஒவ்வோர் அடியும் இழுத்ததற்குக் கொடுக்கும் கூலி அல்லவா? வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு ஏறத்தாழ எண்ணூறு அடி நடை. ஒரு மாலைக்கு எண்ணூறு முறை கூலி கொடுத்து இழுக்கப் பழக்கியிருக்கிறேன்! நடுவே நான்கைந்து முறை சுண்டியது எந்த மூலைக்கு?

நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் இழுப்பது இயல்பான செயலே. நாம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம். நாய்க்கு வசதியான பெருநடை அதைவிட விரைவானது. நம்முடன் நடப்பதற்காக அது ஒவ்வொரு கணமும் தன்னைத் தானே தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதோடு நாய்க்குத் தெரு என்பது மூக்கால் படிக்கும் செய்தித்தாள். மோப்பம் பிடிக்கையில் வினாடிக்கு ஐந்து முறை வரை காற்றை உறிஞ்சும் விலங்கு அது. ஒரு கம்பத்தடியில் அது படித்துக்கொண்டிருக்கும்போது நாம் பாதிப் பக்கத்தில் பறித்துக்கொண்டு போகிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. கட்டுண்டால் திமிறுவது விலங்கின் பிறவிக் குணம். உருசிய அறிஞர் பாவ்லவை நாம் மணியோசையும் உமிழ்நீருமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்குச் செரிமானம் பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்தது. 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய விரிவுரை நூலில் ஒரு நாயைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆய்வு மேடையில் வாரிட்டு நிறுத்தினால் அந்த நாய் ஓயாமல் திமிறும். உமிழ்நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆய்வே நடத்த முடியாது. பாவ்லவ் இதனை ‘விடுதலை அனிச்சைச் செயல்’ என்றார். அவர் நாயை அடிக்கவில்லை. அதன் உணவு முழுவதையும் அந்த மேடையின் மீது நிற்கும்போது மட்டுமே கொடுக்கச் செய்தார். தொடக்கத்தில் நாய் சரியாக உண்ணாமல் இளைத்தது. பிறகு சிறிது சிறிதாக உண்டு, அமைதியாக நிற்கப் பழகியது. உலகப் புகழ் பெற்ற அறிஞருக்கே பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மணியின் உறுமல் ஏன் கூடியது என்பதற்கும் பாவ்லவிடமே விடை இருந்தது. எதிரே நாய் தெரியும். உடனே கழுத்தில் வலி. மறுநாளும் நாய் தெரியும், மறுபடியும் வலி. மணியோசையும் உணவும் இணைந்தது போல, மணியின் மூளையில் வேற்று நாயும் கழுத்து வலியும் இணைந்துவிட்டன. அடக்குவதாக எண்ணிக்கொண்டு நான் பகையை வளர்த்திருக்கிறேன். இது என் ஒருவனுடைய ஊகமன்று. 2020ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வளர்ப்பு நாய்களை ஒப்பிட்டார்கள். தண்டித்துப் பழக்கிய பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சிக்குப் பின் மன இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு கூடியிருந்தது. அதனை அளந்ததும் உமிழ்நீரில்தான்! பாவ்லவ் தொட்ட உமிழ்நீரை ஆய்வாளர்கள் இன்னும் விடவில்லை.

உடற்கூறு படித்தவர்களுக்குக் கழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுக்குழல், குரல்வளை, தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் ஆகிய அனைத்தும் கழுத்துப்பட்டை அழுந்தும் இடத்திலேயே இருக்கின்றன. கழுத்துப்பட்டையில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், மார்பைச் சுற்றிய வாரில் இழுக்கும்போது அவ்வாறு கூடுவதில்லை என்றும் 2006ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள். அத்தகைய மார்புவார் நகரக் கடைகளில் கிடைக்கிறது. விலை கேட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் நாடாக் கட்டிலுக்கு வாங்கி மிஞ்சிய நாடா இருந்தது. செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் மணியின் மார்பளவைக் கேட்டு, இரண்டு வளையம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். சங்கிலிக்குப் பதிலாக இரண்டு கெசம் நீளத்தில் பருத்திக் கயிறு. கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை அம்மாவின் மணிக்கட்டு எங்களுக்குக் கற்பித்திருந்தது. முனையில் பிடி முடிச்சு ஒன்று போட்டுக்கொண்டோம்.

இனிச் செய்த முறை. முதல் வாரம் தெருவுக்கே போகவில்லை. வீட்டு முற்றத்தில் கயிறு இல்லாமல் நடந்தேன். மணி தானாக என் இடக்கால் அருகில் வரும்போதெல்லாம் “சபாசு” என்று சொல்லி, ஒரு துண்டு அவித்த ஈரல் கொடுத்தேன். ஈரல் இல்லாத நாளில் கருவாடு. சொல் முதலில், தீனி பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது. (வீட்டில் மிஞ்சிய குழம்புச் சோற்றை அள்ளிப் போடுவோர் கவனிக்க: வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.) இரண்டாம் வாரம் கயிற்றுடன் முற்றத்தில். மூன்றாம் வாரம் தெருவில். விதி ஒன்றே ஒன்றுதான். கயிறு தளர்ந்திருந்தால் நடப்பேன்; கயிறு விறைத்தால் நட்ட கல் போல நிற்பேன். திட்டுவதில்லை, சுண்டுவதில்லை, பேசுவதும் இல்லை. மணி திரும்பிப் பார்த்து ஓரடி பின்வாங்கிக் கயிறு தளர்ந்த அந்தக் கணமே “சபாசு”, உடனே நடை. எண்ணூறு அடிகளும் கூலிதான் என்றால், அந்தக் கூலியை வேறு வேலைக்குக் கொடுத்துப் பார்ப்போமே என்பதுதான் எண்ணம்.

முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போக நாற்பது நிமிடம் ஆயிற்று. சும்மா நடந்தால் மூன்று நிமிடம். தேநீர்க் கடையில் இருந்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. “என்ன தம்பி, காலேசுல இதுக்குத்தான் படிக்கிறியா?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

நான்காம் நாள், ஐந்தாம் நாள் நிலைமை மோசமாயிற்று. மணி முன்னிலும் மூர்க்கமாக இழுத்தது, குரைத்தது, கயிற்றைக் கடித்தது. நான் கைவிட்டுவிட இருந்தேன். நூலகத்தில் இருந்த உளவியல் நூல் காப்பாற்றியது. வழக்கமாக உணவு தந்த நெம்புகோல் திடீரென்று உணவு தராமற் போனால், எலி உடனே ஓய்ந்துவிடுவதில்லை. தொடக்கத்தில் முன்னிலும் வேகமாக அழுத்திப் பார்க்கும். அதன் பிறகே அப்பழக்கம் மறையும். ஓடாத மிதிவண்டிப் பம்பை நாம் இன்னும் வேகமாக அடித்துப் பார்ப்பதில்லையா? அது போலத்தான். மறைவதற்கு முன் பொங்கும் இந்த நிலையில் மனம் தளர்ந்து ஓரடி விட்டுக்கொடுத்தால், ‘இவ்வளவு பலமாக இழுத்தால்தான் நடப்பான் போலும்’ என்று நாய் கற்றுக்கொள்ளும்.

அந்த வாரத்தைத் தாண்டியதும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பிறகு காரணமில்லாமல் மறுபடியும் பழைய நிலை. விசாரித்ததில் தம்பி அகப்பட்டான். நான் கல்லூரிக்குப் போன பின், பள்ளி விடுமுறை நாட்களில் மணியுடன் ஏரிக்கரைக்கு ஓட்டப்பந்தயம் விட்டிருக்கிறான். வாரத்துக்கு ஒருநாள்தானே என்றான். அந்த ஒருநாள்தான் ஆபத்து. ஸ்கின்னரும் பெர்ஸ்டரும் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் பெரும்பாலும் புறாக்களைக் கொண்டு இதனை விரிவாகக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பலன் தந்த செயல், பலன் நின்றால் விரைவில் மறையும். எப்போதாவது மட்டும் பலன் தந்த செயலோ எளிதில் மறையாது. 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்படும் வரை எத்தனையோ குடும்பங்கள் அழிந்ததன் இரகசியமும் இதுதான். எப்போதோ ஒருமுறை விழுந்த ஐம்பது ரூபாய் ஆயுள் முழுவதும் சீட்டு வாங்க வைக்கும். அன்றிரவே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, யார் கயிற்றைப் பிடித்தாலும் ஒரே விதிதான் என்று பேசி முடித்தோம். என் அனுபவத்தில் இப்பயிற்சியின் கடினமான பகுதி இதுவே. நாய் ஒன்று, பழக்க வேண்டிய மனிதர்கள் ஐவர்.

அப்பா மட்டும் சிரித்தார். அவர் இளமையில் ஆடு மேய்த்தவர். “ஆட்டை எவன் இழுத்துக்கிட்டுப் போவான்? குழையைக் காட்டினா அது பின்னாலயே வரும். இதுக்கா இத்தனை புத்தகம்?” என்றார். நான் சற்று வெட்கப்பட்டேன். ஆயினும் யோசித்துப் பார்த்ததில் இரண்டும் ஒன்றல்ல. ஆட்டுக்குக் குழையை முன்னால் காட்டுகிறோம். குழை இல்லாத நாளில் ஆடு வராது. நாய்க்குத் தீனியை முன்னால் காட்டிப் பழக்கினால் அதுவும் தீனிக்கே பின்னால் வரும். செயலை முடித்த பின் எதிர்பாராமல் கிடைப்பதுதான் கூலி. இதை அப்பாவிடம் சொன்னேன். “அப்ப எனக்கும் முன்பணம் கேக்காம வேலை செய்யிற ஆளா நாலு பேரைப் பழக்கிக் கொடு” என்றார்.

வேற்று நாய்களின் தொல்லை எஞ்சியது. நம் ஊர்த் தெருக்களில் அவிழ்த்துவிட்ட நாய்கள் இருக்கும் வரை, கயிற்றில் நாயைக் கொண்டுபோவோருக்கு இது தீராத தொல்லைதான். சந்திக்கும் இரு நாய்கள் நேருக்கு நேர் வருவதில்லை. வளைந்து வந்து, பக்கவாட்டில் மோப்பம் பிடிக்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் நாயின் மார்பு நிமிர்ந்து, தலை தூக்கி, சண்டைக்கு நிற்பது போன்ற தோற்றம் தன்னால் வந்துவிடுகிறது. எதிரி அதற்கேற்ற விடை தருகிறது. ஆகவே தொலைவை நம்பினேன். மணி வேற்று நாயைக் கண்டும் உறுமாமல் இருக்கும் தொலைவு தொடக்கத்தில் நாற்பது கெசம். அந்தத் தொலைவில் நின்று, நாய் தெரிந்ததும் ஈரல். நாய் மறைந்ததும் ஈரல் நிறுத்தம். வலியோடு இணைந்திருந்ததை உணவோடு இணைக்கும் முயற்சி. நெருங்கி வந்தால் வரப்பில் இறங்கிச் சுற்றிப் போவோம். மார்கழி முடிவதற்குள் நாற்பது கெசம் பத்தாகக் குறைந்தது. கடுவெயிலில் நடத்தாதீர்கள்; நம் காலுக்குச் செருப்பு உண்டு, அதற்கு இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். அதுமட்டுமன்று, வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தக்க நடைப்பயிற்சி தராமல் விடுவதும் உரிமையாளரின் குற்றம் என்று அப்பிரிவு கூறுகிறது. இதைப் படித்த அன்று வேப்பமரத்தடியைப் போய்ப் பார்த்தேன். சங்கிலி எட்டும் தூரத்துக்கு மண் வட்டமாகத் தேய்ந்து புல் இல்லாமல் கிடந்தது. நாள் முழுவதும் அந்த வட்டத்தில் இருந்த உயிர் வாசலைத் தாண்டியதும் இழுக்காமல் வேறென்ன செய்யும்? இப்போது காலையும் மாலையும் நடை. பகலில் கொல்லைப்புறப் படலை அடைத்து அவிழ்த்து விடுகிறோம்.

பொங்கலுக்கு மறுநாள் அப்பா ஒன்றும் பேசவில்லை. மாடுகளைக் குளிப்பாட்டிய கையோடு மணிக்கும் இரண்டு குடம் ஊற்றினார். நாங்களும் தவணையை நினைவூட்டவில்லை.

கோழி விஷயத்தில் மட்டும் தோற்றுவிட்டேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். ஸ்கின்னரிடம் பயின்ற பிரிலேண்டு தம்பதியர் 1961ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய மரக்காசுகளை எடுத்து வந்து உண்டியலில் போடப் பன்றிகளைப் பழக்கியிருந்தார்கள். சில வாரங்களில் பன்றிகள் காசை வழியிலேயே கீழே போட்டு, மண்ணைக் கிளறுவது போல மூக்கால் கிளறத் தொடங்கிவிட்டன. உணவு கிடைக்கத் தாமதமாகும் என்றாலும் விடவில்லை. கற்ற பழக்கம் பிறவிக் குணத்தின் பக்கமே சரிந்துவிடுகிறது என்று அவர்கள் எழுதினார்கள். படபடவென்று சிறகடித்து ஓடும் கோழியின் முன்னால் மணிக்கு ஈரலும் தெரிவதில்லை, என் “சபாசும்” கேட்பதில்லை.

இப்போது மாலையில் அம்மாதான் மணியைப் பால் சங்கம் வரை கொண்டுபோகிறார். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், மறு கையில் கயிறு. கயிறு தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு வரும். கோழிக்காரர் வீட்டுச் சந்து வந்தால் மட்டும் இருவரும் கோயிலைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.